மாத்தேரான் ரயில் பயணம்: சனிக்கிழமை காலை

அனைவருக்கும் வணக்கம். மும்பைக்குப் பக்கத்து மலைவாசஸ்தலமான மாத்தேரானுக்கு, நேரலிலிருந்து குட்டி மலை ரயிலில் போகிறோம். ஞாயிறு என்றால் மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல்களைக் குறைப்பது) வந்து கழுத்தறுக்கும், அதனால் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. மாட்டுங்கா, தாராவி ஆட்கள் தாதரில் ஏறுங்கள், கர்ஜத் லோக்கல். கோபோலி வண்டியும் நேரலில் நிற்கும். கசாரா வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அது கல்யாணில் வேறு தடத்தில் பிரிந்து போய்விடும்.

நேரலில் இறங்கியதும் மலை ரயில் டிக்கெட் வரிசைக்கு ஓடுங்கள், இருக்கைகள் கொஞ்சம்தான். கிடைக்காதவர்கள் ஷேர் டாக்ஸியில் தஸ்தூரி நாகா போய், பக்கத்து அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து மாத்தேரானுக்கு ஷட்டில் ரயில் பிடிக்கலாம். தஸ்தூரி நாகாவுக்கு மேல் கார், டாக்ஸிக்கு அனுமதி இல்லை.

நீராவி என்ஜினை எதிர்பார்த்து வராதீர்கள், இப்போது டீசல்தான் இழுக்கிறது. ஆனால் 1907இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் சொந்தப் பணத்தில் திறந்த அதே 2 அடி அகலப் பாதை, சுமார் 21 கிலோமீட்டர். 20 அடிக்கு 1 அடி ஏற்றம்! அன்றைக்கு ஏறியவை ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் செய்த நான்கு என்ஜின்கள். ஆறு சக்கரத்தில் முன், பின் அச்சுகள் வளைவுக்கேற்ப ஒதுங்கிக்கொடுக்கும், அதனால்தான் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தடம் புரளாமல் திரும்பின. எனக்கு இதுதான் மலைக்காட்சியைவிடப் பெரிய விஷயம், சிரிக்காதீர்கள். அவற்றில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புளியோதரை, தயிர்சாதம் மாமிகள் பொறுப்பு. பையை ஜிப் போட்டு வையுங்கள், மேலே குரங்குத் தொல்லை அதிகம். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கில் சேராது.