புதன் மாலை வேதபாடம்: பாதி திறந்த பார்வை

கிறிஸ்துவுக்குள் அன்பான கோத்தகிரி வேதபாடக் குழுவினருக்கு ஸ்தோத்திரம். வரும் புதன்கிழமை மாலை மாற்கு 8-ஆம் அதிகாரத்தில், பெத்சாயிதாவில் இயேசு பார்வையளித்த மனிதரைப் பற்றித் தியானிக்க இருக்கிறோம். முதல் முறை கைகளை வைத்தபோது மனிதர்கள் அவருக்கு நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்கள் என்பதும், மறுபடியும் கைவைத்த பின்னரே எல்லாம் தெளிந்தது என்பதும், பனிமூட்டத்தில் எதிரே வருபவரை மரமென்று எண்ணி ஏமாந்து பழகிய நமக்கு எளிதில் விளங்கும். நான்கு சுவிசேஷங்களில் மாற்கு மட்டுமே இதை எழுதியிருக்கிறார். இதையடுத்து, பேதுரு இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிட்ட பின்னும், அவர் பாடுபடவேண்டும் என்பதை ஏற்க மறுக்கிறார். அவருக்கும் பார்வை பாதிதான் திறந்திருந்தது. அற்புதத்தை வல்லமைக்குச் சான்றாக மட்டும் வாசித்தால், விசுவாசம் படிப்படியாகத் தெளியும் இந்தத் தொடர்பு நழுவிவிடும் என்பது என் கருத்து. 22 முதல் 33 வரையுள்ள வசனங்களை ஒரே மூச்சில் வாசித்து வாருங்கள். வேதாகமத்துடன் குடையும் அவசியம்.