அவன் கைகளையும் பாருங்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் அவனை ஓ.பி.க்கு அழைத்து வருகிறேன். "குரல் ஏதும் கேட்குதா? தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா போடறானா?" இந்த மூன்று கேள்வி முடிந்ததும் சீட்டு கைக்கு வந்துவிடும். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடத்தில் "கையை நீட்டுப்பா, நாலடி நடந்து காட்டு" என்று கேட்ட டாக்டர்கள் இரண்டே பேர்.

வீட்டில் எங்களுக்குக் கண்முன் நிற்பதே அதுதான். சட்டைப் பொத்தானைத் துளைக்கு நேரே கொண்டுவருவான். விரல்கள் அப்படியே நின்றுவிடும். மறுபடி தொடங்குவான், மறுபடி நிற்கும். பார்க்கப் பொறுக்காமல் அம்மா டி-ஷர்ட்டுக்கு மாற்றிவிட்டார். நடக்கும்போது அவன் கை வீசுவதில்லை. சாப்பிட்டு வெகுநேரம் ஆன பிறகும் வாய் எதையோ மெல்வதுபோல் அசையும். அப்பா சாகும்வரை அவனைச் சோம்பேறி என்றே நினைத்தார். அத்தையோ "எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை" என்றார். அதை நம்பி ஒருமுறை மாத்திரையை நிறுத்தினோம். இரண்டே மாதத்தில், நள்ளிரவில் அவனைத் தேடி ரயில் நிலையம் முழுக்க அலைந்தோம்.

மாத்திரையால் நடுக்கமும் இறுக்கமும் வரும், மறுக்கவில்லை. ஆனால் இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் மனநல சிகிச்சைக்கு வந்ததே 1952-ல்தான். நோயாளிகள் உறைந்து நிற்பதை ஜெர்மானிய மருத்துவர் கால்பாம் 1874-லேயே எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் சென்னைப் பகுதியில் மனநல மருத்துவர்கள் மெக்ரீடி, தாரா முதலானோர் செய்த ஆய்வு 1996-ல் வெளிவந்தது. மருந்தே வாயில் படாத மனச்சிதைவு நோயாளிகளில் நூற்றுக்கு 38 பேருக்குத் தங்களை அறியாமல் வரும் அசைவுகள் இருந்தன. மருந்து எடுத்தவர்களில் 41. நோயில்லாதவர்களில் 15. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் காட்ட முடியாமல் போய்விட்டதே என்றுதான்.

மருந்தில்லாமலே ஏன் இப்படி என்று மூளைக்குள்ளும் தேடியிருக்கிறார்கள். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள்மேல் கொழுப்புறை போர்த்தியிருக்கிறது. அந்த உறை வெண்மையாக இருப்பதால்தான் அப்பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். இழையோடு நீர் எந்தப் பக்கம் பரவுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து அதன் ஒழுங்கைக் கணிக்கிறார்கள். 2018-ல் வெளிவந்த எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வு 1,963 நோயாளிகளையும் 2,359 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டது. நோயாளிகளிடம் அந்த ஒழுங்கு மூளையில் பரவலாகக் குறைந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மனநல மருத்துவர் வால்தரின் குழுவினர் நோயாளிகளின் மணிக்கட்டில் கருவி கட்டி, நாள் முழுக்க அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்று அளந்து, அதையும் வெண்பொருள் படங்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உடல் மந்தப்படுவதற்கும் இந்தப் பாதைகளுக்கும் தொடர்பு இருக்கிறது.

இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு ஸ்கேனை வைத்து என் தம்பிக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆகவே ஸ்கேன் எடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்பது பத்து நிமிடம். முதல் மாத்திரை எழுதும் முன் கை, வாய், நடை மூன்றையும் பார்த்துச் சீட்டில் குறித்து வையுங்கள். தன்னையறியாமல் வரும் அசைவுகளை மதிப்பிடுவதற்கென்றே 'எய்ம்ஸ்' (AIMS, அந்தப் பெயருள்ள மருத்துவமனை அல்ல) என்ற அளவுகோல் 1970-களிலிருந்து உங்களிடம் இருக்கிறது. முதல் நாள் குறிப்பு இருந்தால்தான் எது முன்பே இருந்தது, எது மாத்திரையோடு வந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியும். அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று நீங்கள் முடிவெடுக்கலாம். எங்கள் அத்தைக்கு நானும் பதில் சொல்லலாம்.

தம்பிக்கு அந்த முதல் நாள் போய்விட்டது. இன்று தொடங்கினாலும் போதும். அடுத்த புதன்கிழமை அவனுக்குப் பொத்தான் வைத்த சட்டை போட்டு அழைத்து வருகிறேன். ஒரே ஒரு பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா