நான்கு பெயர்கள் இன்னும் பாக்கி: பல்கலைக்கழக ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏழை நாடுகளில் புற்றுநோய் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் மானியம் வழங்கும் பல்கலைக்கழகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்களைப் போன்ற ஒரு குழு கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டு வருட மானியம் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களைக் கூட்டி வருவதும், அவர்கள் பெயரை நோட்டில் எழுதி வைப்பதும் என் வேலை. இரண்டு வருடம் முடிந்தது. அலுவலகத்தைக் காலி செய்தார்கள், கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். என் நோட்டில் பதினொரு பெண்களின் பெயருக்கு நேரே ‘மறுபடி வர வேண்டும்’ என்று எழுதியிருந்தது. அவர்கள் எங்கே மறுபடி வருவார்கள்?

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வயது ஐம்பதை நெருங்கும். முகாமில் வெள்ளைத் திட்டு தெரிந்ததால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அது கெடாமலிருக்கப் பார்மலின் திரவத்தில் போட்ட புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றால் சிந்திவிடும் என்று சீட்டுக் கிடைக்கும்வரை இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோனது நான்தான். ரிப்போர்ட் வர ஐந்து வாரமானது. அதற்குள் திட்டம் மூடிவிட்டது. அவர் கொடுத்த போன் நம்பர் மகனுடையது, மகனோ திருப்பூரில். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். “உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே தாயி, எதுக்கு அலையணும்?” என்றார். அப்புறம் கரண்டு வைப்பார்களோ, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பார்களோ என்ற பயம். மூன்றாம் முறை போனபோதுதான் என்னோடு பஸ் ஏறினார். ஆரம்ப நிலை, பிழைத்துக்கொண்டார். ஊர் செவிலியர் அக்காவும் நானும் தேடியதில் இன்னும் ஆறு பேர் கிடைத்தார்கள். மற்ற நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் துறைகளில் தமிழ் படிக்கத் தெரிந்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள், விண்ணப்பம் எழுதும் மாணவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் குழுவில் எடுத்துப் பேச வேண்டும்.

ஆய்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆய்வின் அருமை எங்கள் பக்கத்திலேயே தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. சமையல் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் முறை. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் அந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் இது நடந்தது. நோய் எத்தனை பேருக்கு, சாவு எத்தனை என்று எண்ண முடிந்ததும், அங்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை ஆட்கள் உட்கார்ந்து எழுதியதால்தான். பதிவேடு எழுதுகிறவருக்குச் சம்பளம் கேட்டால் ‘இதில் புதுமை இல்லை’ என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறீர்களே, அது நியாயமா?

இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளில், ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட பெண்களைப் பற்றிப் பின்னால் பெரிய விவாதம் எழுந்தது. எழ வேண்டிய விவாதம்தான். அந்த ஊர்ப் பெண்களும் தங்கள் காலத்தைக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்த பிறகு அவர்களுக்கு அந்தச் சோதனையைச் செய்து கொடுக்கும் செலவு, முதல் நாள் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.

நிலைத்தது எது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸே பார்க்கிறார், அவர் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். குறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது.

உகாண்டாவையும் பாருங்கள். 2004-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் உகாண்டா புற்றுநோய் நிறுவனத்தோடு கைகோத்தபோது, நாடு முழுவதற்கும் புற்றுநோய் நிபுணர் என்று சொல்ல டாக்டர் ஜாக்சன் ஓரெம் ஒருவர்தான். உகாண்டா மருத்துவர்களைச் சியாட்டிலுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 2015-ல் கம்பாலாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் கட்டடமும் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் பொறுமையாக இருந்தால் இது நடக்கும். அதே நாட்டில் 2016-ல், இருந்த ஒரே கதிரியக்க சிகிச்சை இயந்திரம் பழுதாகி நின்றுபோனது. புதியது இயங்க ஏறக்குறைய இரண்டு வருடம். ஆளுக்கும் பராமரிப்புக்கும் பணம் சேர்ந்தே போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் பிரியும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மானியத்தில் மறைமுகச் செலவு என்ற கணக்கு உண்டு: கட்டடம், கரண்ட் பில், கணக்கர் சம்பளம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அது ஆய்வின் நேரடிச் செலவில் 50 சதவீதத்தைத் தாண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நீண்ட காலமாக 8 சதவீதம். எங்கள் ஊரிலும் கரண்ட் பில் வரும். சரி, அந்தப் பணமாவது தொடர்ந்து வருமா என்றால், 2025 மே மாதம், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பங்கு பிரித்துத் தரும் புதிய மானியங்களை வேறு முறை வரும்வரை வழங்குவதில்லை என்று அதே நிறுவனம் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பல்கலைக்கழகங்களின் சொந்த மானியம், சிறியதானாலும், முன்பைவிட முக்கியமாகிறது. அதனால்தான் உங்களிடம் வந்து கேட்கிறேன்.

இரண்டு வருட மானியத்தை ஐந்து வருடமாக்குங்கள். தொகையைக் கூட்ட முடியாவிட்டால் திட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது செய்யுங்கள். பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, பதிவேட்டு எழுத்தர், பயாப்ஸி (சதைத் துணுக்குச் சோதனை) பார்க்கும் ஆள் ஆகியவற்றை ‘இதர செலவு’ என்று கடைசி வரியில் தள்ளாதீர்கள். உங்கள் பேராசிரியரின் விமானச் செலவில் ஒரு பயணத்தைக் குறைத்தால் எங்கள் களப்பணியாளர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கிடைக்கும்.

அப்புறம், விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: மானியம் முடிந்த மறுநாள், ‘மறுபடி வர வேண்டும்’ என்று குறிக்கப்பட்டவர்களை எந்த மருத்துவமனை பார்க்கும்? பதிலுக்குக் கீழே அந்த மருத்துவமனைப் பொறுப்பாளரின் கையெழுத்தும், அந்த நோட்டை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் பெயரும் இருக்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் களப்பணியாளர்