தண்டபாணிக்கு, வான்கோழி விஷயமாக

ராசிபுரம்

அன்புள்ள தண்டபாணி,

நீ தீபாவளிக்கு முன்னால் எழுதியதற்குப் பொங்கல் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இந்த வரியிலேயே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரை அளவை நான் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. கமலாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பழனிச்சாமி இரண்டாவது முறையாக ரிட்டையர் ஆகியிருக்கிறான். விருந்து வைக்கிறேன் என்றான், வழக்கம்போல் ஆளைக் காணோம்.

சரி, உன் பையன் விஷயம். சென்னை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வான்கோழி வளர்க்கப் போகிறான், கோழிக்குப் பேர்போன பக்கம் இருக்கிறாய், நாலு வார்த்தை சொல் என்று எழுதியிருந்தாய். நாலு வார்த்தையில் அடங்காதப்பா. போன வருஷம் என் மச்சான் இதே வேலையில்தான் இறங்கினான். ஆமாம், என் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவனேதான்.

ரகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்ம ஊர்க் கறுப்பையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் கலந்து கால்நடைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த நந்தனம் வான்கோழி-1. நம் வெயிலைத் தாங்கும். ஆனால் குஞ்சுகள் இருக்கின்றனவே, கோழிக்குஞ்சின் சாமர்த்தியத்தில் கால்வாசி கிடையாது. தீவனம் எதிரே இருக்கும், தின்னத் தெரியாது. தண்ணீர் எதிரே இருக்கும், குடிக்கத் தெரியாது. தட்டை விரலால் தட்டித் தட்டிக் கூப்பிட வேண்டும். பச்சை நிறத்துக்கு ஓடி வரும் என்பதால் தீவனத் தட்டிலும் தண்ணீரிலும் பச்சைக் கோலிக்குண்டு போட்டான். வேகவைத்த முட்டையைப் பொடித்துக் கொடுத்தான். என் தங்கை, "எனக்குக்கூட இவர் இப்படி ஊட்டியதில்லை" என்று என்னிடம் புகார் சொன்னாள்.

தொல்லை மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது. அதுவரை கறிக்கோழி ஸ்டார்ட்டர் தீவனம் போட்டவன், மூட்டை விலையைப் பார்த்துவிட்டு, பங்காளியின் செக்கிலிருந்து கடலைப் பிண்ணாக்கு வாங்கி, மக்காச்சோளத்தோடு தானே அரைத்துக் கலக்க ஆரம்பித்தான். ஒரு மாதம் போனதும் என்னைக் கூப்பிட்டான். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நெஞ்செலும்பு விரலில் குத்தியது. இறக்கையை விரித்தால் தண்டு மட்டும் நீண்டு, ஓரம் பிசிறடித்து, நடுநடுவே வெறும் தோல். ஒன்றன் முதுகை ஒன்று கொத்தி ரத்தம் வேறு. சிலவற்றுக்குக் கால் மூட்டு வீங்கி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"புரதம் குறைவு, பிண்ணாக்கைக் கூட்டு" என்று பங்காளி யோசனை சொல்லியிருக்கிறார். கூட்டியிருக்கிறான். இன்னும் மோசமாகியிருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் எதிரில் 'புரதம்' என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால் விடுவேனா?

மூட்டையில் போட்டிருக்கும் 'கச்சாப் புரதம்' எப்படி வருகிறது என்று உனக்கு நினைவிருக்கும். கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது. (அந்தக் குடுவையை உடைத்தது நீ, அபராதம் கட்டியது நான். அதை மறக்கவில்லை.) அந்த எண்ணுக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்ற கவலையே இல்லை. யூரியாவைக் கலந்தாலும் புரதம் ஏறும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம்தானே, பறவைக்கு வேண்டியது அந்த மொத்தம் அல்ல, அதற்குள் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பது. உங்கப்பா அச்சகத்தை நினைத்துக்கொள். பெட்டி நிறைய 'க' இருந்து என்ன பயன், 'ற' தீர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் முடியாதே. குஞ்சின் உடம்பும் அப்படித்தான், லைசின் என்ற அமினோ அமிலம் தீர்ந்த இடத்தில் தசை கட்டும் வேலை நின்றுவிடும்.

கணக்குப் போட்டேன், நீயும் சரிபார். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் போட்ட பட்டியலில், வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலு வாரம் 28% புரதம், 1.6% லைசின். கறிக்கோழிக் குஞ்சுக்கு 23 புரதம், 1.1 லைசின், அவ்வளவுதான். ஆக, கோழித் தீவனமே வான்கோழிக்குப் பட்டினிச் சாப்பாடு. இப்போது மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலந்தால் 28% புரதம் வந்துவிடும், மூட்டையில் பெருமையாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் பிண்ணாக்கில் லைசின் ஒன்றரை சதவீதம், மக்காச்சோளத்தில் கால் சதவீதம். கலவையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது! அதே அளவு சோயாப் பிண்ணாக்கு போட்டால், அதில் லைசின் 2.7 சொச்சம் என்பதால், கணக்கு ஏறக்குறைய 1.6-இல் வந்து நிற்கிறது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கமலா, "பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தர நேரமில்லை, வான்கோழிக்கு இருக்கிறது" என்றாள்.

சோயாவிலும் ஒரு ஓட்டை உண்டு. மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். வேண்டியது 0.55, சோயாக் கலவையில் 0.4 சொச்சம்தான். இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, கெரட்டினுக்கு கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும், சிஸ்டீனை உடம்பு மெத்தியோனினிலிருந்துதான் செய்துகொள்கிறது. பிசிறடித்த இறகின் கதை புரிகிறதா? அதற்காகப் பிண்ணாக்கைக் கொட்ட வேண்டியதில்லை. டன்னுக்கு ஒன்றரை இரண்டு கிலோ மெத்தியோனின் தூள் போதும். கைக்கு வந்தபடி போட்டுவிடவும் கூடாது. அளவு மீறினால் அமினோ அமிலங்களிலேயே அதிகம் கெடுதல் செய்வது அதுதான்.

இதில் உனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. கடையில் விற்கும் மெத்தியோனின் டி, எல் இரண்டு வடிவமும் சரிபாதி கலந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சார் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாது என்று நடத்துவாரே, அதே கண்ணாடிப் பிம்பம். கோழியினத்தின் உடம்பு டி-மெத்தியோனினை எல்-ஆக மாற்றிக்கொள்ளும். டி-லைசினை மாற்ற முடியாது. அதனால்தான் மெத்தியோனினை ரசாயன ஆலையில் செய்துவிடுகிறார்கள், லைசினை மட்டும் பாக்டீரியாவை வைத்து நொதிக்கச் செய்து எல் வடிவமாகவே எடுக்கிறார்கள். "இதெல்லாம் எதுக்கு சார் உதவும்?" என்று கேட்ட பசங்களை இப்போது எங்கே போய்த் தேடுவது?

பிண்ணாக்கைக் கூட்டியதும் ஏன் மோசமானது என்றால், கட்ட முடியாமல் மிஞ்சிய அமினோ அமிலத்தை உடம்பு சேர்த்துவைக்காது. உடைத்து, நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியே தள்ளும். பறவை தண்ணீரும் அதிகம் குடிக்கும். கீழே போட்ட உமி ஈரமாகி அம்மோனியா கிளம்பும். மச்சான் கொட்டகையில் நுழைந்ததும் எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. குஞ்சுகளின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பகுதி கறுத்துப் புண்ணாகியிருந்தது. புரதத்தைக் கொஞ்சம் குறைத்து, பற்றாத அமினோ அமிலத்தை மட்டும் தனியாகச் சேர்த்தால் கூளமும் காயும், பாதமும் தப்பும்.

கால் வளைந்ததற்கு நாமக்கல்லில் ஒரு கால்நடை டாக்டர் வேறு காரணமும் சொன்னார். நியாசின் என்ற வைட்டமின் குறைவு. வான்கோழிக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 60 மில்லிகிராம் வேண்டும், கறிக்கோழிக்கு 35 போதும். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு கொஞ்சம் நியாசின் செய்துகொள்ளும், ஆனால் மக்காச்சோளத்தில் டிரிப்டோபானும் குறைச்சல், இருக்கிற நியாசினும் எளிதில் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது.

தீவனத்தை மாற்றியதும் இறகு முளைத்தது, எடை ஏறியது, கொத்துவது நின்றது. திரும்பிய கால் மட்டும் திரும்பியதுதான். அவற்றை மச்சானே ஒரு நாள் காலையில் பிரித்து எடுத்தான், நான் அந்தப் பக்கம் போகவில்லை. தண்டபாணி, இது தங்கையின் வளையலை அடகு வைத்துப் போட்ட கொட்டகை. அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம், உன் பையனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது. கடலைப் பிண்ணாக்கு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்துவிட்டுத் தேடினார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் முடிந்தது. அந்தப் பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சினை உலகம் கண்டுபிடித்ததே அப்படித்தான். ஈரலைத் தின்றுவிடும் விஷம், அரைத்தாலும் சூடாக்கினாலும் லேசில் போகாது. லைசின் குறைவு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கறவை மாட்டுக்குப் போடுவோரும் பார்த்துத்தான் போட வேண்டும், வான்கோழிக் குஞ்சுக்கு அந்தப் பிண்ணாக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

சோயா வாங்கும்போதும் கையில் அள்ளிப் பார்க்கச் சொல். வெளிறிப் பச்சை வாசம் அடித்தால் சரியாக வறுபடவில்லை, செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் உள்ளேயே இருக்கும். காப்பிக்கொட்டை நிறத்தில் கமகமவென்று இருந்தால் கருகிவிட்டது, லைசின் சர்க்கரையோடு பிணைந்து வீணாகியிருக்கும். இளமஞ்சள் நிறம்தான் வேண்டும். நாட்டுக்கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடவே கூடாது. அங்கே குடலையும் ஈரலையும் தாக்கும் கருந்தலை நோய் காத்திருக்கும், அதற்கு எந்த அமினோ அமிலமும் உதவாது.

மச்சான் இரண்டாவது தொகுதி இறக்கியிருக்கிறான். முதல் எட்டு வாரம் ஒழுங்கான வான்கோழித் தீவனம், பிறகு வயதுக்கு ஏற்றபடி புரதத்தைக் குறைத்துக்கொண்டே போவது என்று திட்டம். வளர்ந்த சேவலுக்கு 14% வந்தால் போதும். காசு மிச்சம் பிடிப்பதென்றால் அங்கே பிடிக்கலாம், குஞ்சுப் பருவத்தில் அல்ல. இதை நான் சொன்னால் "வாத்தியார் ஆரம்பிச்சுட்டார்" என்கிறான். டாக்டர் சொன்னதும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

உன் பையன் குஞ்சுக்கு முன்பணம் கட்டிவிட்டானா என்று உடனே எழுது. கட்டவில்லை என்றால் பொறுக்கச் சொல், இங்கே வந்து இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். தீவனத்தை யாரிடம் வாங்குவது, கிலோ என்ன விலை விழும், கிறிஸ்துமஸுக்கு வாங்குகிறவர் யார் என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்ட வேண்டாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
கதிரேசன்