மாராவுக்குப் புறப்படும் நண்பனுக்கு

நைரோபி
ஜூலை 8

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தேறியதையும், கண்புரை அறுவைக்குப் பிறகு உனக்குப் பார்வை தெளிந்ததையும் படித்து மனம் நிறைந்துவிட்டது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் வலியும் பரவாயில்லை. ஆகஸ்டில் நீயும் தங்கையும் இங்குள்ள மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வரப்போகும் செய்தியை என் மனைவி அதற்குள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

நீ அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். இரண்டு பெரிய சக்கரப் பெட்டிகள் என்கிறாய். அவை நைரோபி வரை வரட்டும், அதற்கு மேல் வழியில்லை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறப்பவை செஸ்னா கேரவன் போன்ற சிறிய விமானங்கள். இறங்குவது புல்வெளி நடுவே உள்ள மண் ஓடுபாதையில். ஆளுக்கு 15 கிலோதான் அனுமதி, கைப்பையும் கேமராவும் அதில் அடக்கம். சாமான்களை விமானத்தின் அடிவயிற்றில் உள்ள சின்ன அறைக்குள் அழுத்தித் திணிப்பார்கள் என்பதால் கெட்டிப் பெட்டியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மடங்கிக்கொடுக்கும் துணிப்பை ஆளுக்கு ஒன்று போதும். மற்றதை என் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

துணிமணி மூன்று ஜோடிக்கு மேல் வேண்டாம். நாம் தங்கும் கூடார முகாம்களில் காலையில் கொடுத்தால் துவைத்து, உலர்த்தி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மாலைக்குள் கட்டிலில் வைத்துவிடுவார்கள். உள்ளாடைகளை மட்டும் பல இடங்களில் வாங்குவதில்லை. பிறருடையதைத் துவைப்பது இங்குள்ளவர்களின் வழக்கத்துக்கு ஒவ்வாதது, அதை நாம் மதிக்க வேண்டும். ஒரு சின்ன சோப்புக் கட்டி கொண்டுவந்தால் காரியம் முடிந்தது.

நிறம் முக்கியம். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை என்று எடு. உனக்குப் பிடித்த கருநீலச் சட்டைகள் வேண்டாம். ட்செட்சி ஈயை நீலமும் கறுப்பும் சுண்டி இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீலத் துணியும் கறுப்புத் துணியும்தான். சட்டைத் துணிக்கு மேலேயே கடித்துவிடும், கடித்த இடம் நாள் முழுக்க எரியும். ராணுவ உடை போன்ற புள்ளிச் சட்டையும் கூடாது, இங்கே போலீஸ் நிறுத்திக் கேட்கும்.

'ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே' என்று தங்கை கேட்டதாக எழுதியிருந்தாய். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்றாலும் மாரா சமவெளியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் கிளம்பும்போது குளிர் எலும்பைத் தொடும். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர், காது மூடும் குல்லாய், காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் தொப்பி தேடும் வெயில் வந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பட்டியலில் கேமராவும் மூன்று லென்ஸும் இருக்கின்றன, பைனாகுலர் ஒன்றே ஒன்று. ஒரு லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த எடையில் இன்னொரு பைனாகுலர் எடுத்து வா. உனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. இதில் விட்டுக்கொடுக்காதே. போன மாதம் தாலேக் ஆற்றுப் பக்கம் போனபோது, தூரத்தில் ஒரு கரையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி ஒன்று உட்கார்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரு மஞ்சள் மேடு, அவ்வளவுதான். பைனாகுலரை வைத்ததும், கண்ணிலிருந்து வாயோரம் வரை இறங்கும் கறுப்புக் கோடு தெரிந்தது. புற்றடியில் புல் அசைந்தது. பார்த்தால் மூன்று குட்டிகள், பிடரியிலிருந்து முதுகு நெடுக சாம்பல் நிற முடி நிமிர்ந்து நிற்க, தாயின் வாலைப் பிடிக்கத் தாவிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்து வாங்கித் தம் கண்ணுக்குத் திருகிச் சரிசெய்து முடிப்பதற்குள் குட்டிகள் புல்லுக்குள் போய்விட்டன. அவர் தாயை மட்டும்தான் பார்த்தார். புதிதாய்த் தெளிந்த கண்ணோடு இவ்வளவு தூரம் வருகிற நீ அப்படி எதையும் தவறவிடக் கூடாது.

வாங்கும்போது 8x42 என்று கேள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஓடும் வண்டியில் கையின் சின்ன நடுக்கம்கூட அதில் பெரிதாகி, ஒன்றும் நிலைக்காது. 42 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் விடியற்கால மங்கலிலும் உருவம் தெளியும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்ப்பதானால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிக்கொள்.

கேமராவைத் தாங்க முக்காலி சுமக்காதே, வண்டிக்குள் அதற்கு இடமிருக்காது. தலையணை உறை அளவில் ஒரு காடாத் துணிப்பையைத் தைத்து வெறுமையாகக் கொண்டு வா, முகாமில் அரிசி நிரப்பிக் கொடுப்பார்கள். ஜன்னல் விளிம்பில் அதை வைத்து லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. புழுதிக்கு நம் ஈரிழைத் துண்டைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. மூக்கைக் கட்டலாம், கேமராவைப் போர்த்தலாம், அலசிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். இங்குள்ள பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள், நம் உருண்டைக் கால் நுழையாது. அதற்கான அடாப்டர் ஒன்று, நல்ல டார்ச் ஒன்று. பல முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பின் கூடாரத்துக்குத் திரும்பக் காவலர் கூட வருவார்.

முறுக்கும் பொடியும் கட்டுவதாகத் தங்கை சொன்னாளாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் வேண்டாம். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் அது தடை. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் ஆகாது. எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப்பையும் போதும். மாராவுக்குள் போகும்போது தின்பண்டத்தைக் கூடாரத்தில் வைக்காமல் முகாம் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். குரங்குகள் ஜிப்பையே திறந்து உள்ளே புகும். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் இங்கிருந்து ஊர் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் தொல்லை வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே உன் மருத்துவரிடம் முதலில் பேசு. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள். கென்யாவுக்கு இப்போது விசா இல்லை, இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும். அதை உன் மருமகனிடம் விட்டுவிடு.

மருத்துவர் சொல்வதையும் விமானம் வந்து சேரும் நேரத்தையும் உடனே எழுது. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் கிடைத்தால் கொஞ்சம் எடுத்து வரச் சொன்னாள் என் மனைவி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்