வேலியை விட்டு வை

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். கமலத்தின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. வைத்தியத்தை மாற்றிப் பார்க்கிறோம்.

நத்தத்தில் வாங்கிய மாந்தோப்பைப் பற்றி எழுதியிருந்தாய். பழைய வேலியை அடியோடு பிடுங்கிவிட்டுக் கம்பி போடப் போகிறாயாம். மரத்தடியில் ஒரு புல்கூட மிஞ்சாமல் உழப் போகிறாயாம். தாராளமாகக் கம்பி போடு. ஆனால் அந்த வேலிச் செடிகளின் மேல் கைவைக்காதே.

இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மா பூத்துக் குலுங்குகிறது. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பூங்கொத்தின் அருகில் அசையாமல் நின்றால் தெரியும்: வருவதில் தேனீ குறைவு, ஈதான் அதிகம். பச்சையாக மின்னும் ஈ, குளவியைப் போல மஞ்சள் வரியோடு அந்தரத்தில் நின்று இறங்கும் பூ ஈ, ஊடே எறும்பு. ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேலே பூ இருக்கும், அதில் பெரும்பாலும் ஆண் பூ. கடைசியில் காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றிரண்டுக்கும் இந்த ஈக்களின் தயவு வேண்டும். மாம்பூ சில வாரங்களில் கொட்டிவிடும். மற்ற நாட்களில் அவற்றுக்குச் சோறு போடுவது யார்? வேலியோரத் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும்தான். எங்கள் தோப்பில் வேலியை ஒட்டிய வரிசையில் மொய்க்கிற கூட்டம் நடுத்தோப்பில் இருப்பதில்லை.

இது என் கண்ணுக்கு மட்டும் பட்ட சங்கதி அல்ல. தென்னாப்பிரிக்காவின் பெரிய மாந்தோப்புகளில், காட்டை விட்டு விலகிப் போகப் போகப் பூவுக்கு வரும் பூச்சியும் குறைகிறது, காய்ப்பும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். பிறகு தோப்புக்குள்ளேயே சின்னச் சின்னப் பாத்திகளில் அந்த மண்ணின் பூச்செடிகளை நட்டுப் பார்த்தார்கள். பாத்திக்கு அருகிலிருந்த மாமரங்களுக்குப் பூச்சி வரத்து கூடியது, விளைச்சலும் கூடியது. 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நட்டவற்றில் ஒன்று சோற்றுக் கற்றாழையின் இனம். இன்னொன்று நம் வீட்டுப் பெண்கள் தொடுத்து வைத்துக்கொள்ளும் டிசம்பர் பூவின் இனம்! விதைக் கம்பெனிக்காரனிடம் போய் நிற்க வேண்டிய செடியா இது?

அதற்காக, பக்கத்தில் எது நின்றாலும் நன்மை என்று சொல்லமாட்டேன். மாம்பூ நேரத்தில் முருங்கையும் பூக்கிறது. இருக்கிற கொஞ்சம் தேனீக்களும் அங்கேதான் போகின்றன, என் மாமரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கிணற்றடியில் ஒரு தேன்பழ மரம் நிற்கிறது. விரலளவே இருக்கும் பூக்கொத்திக் குருவி நாள் முழுக்க அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு, மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவியின் பழமும் உயிர். பழத்தை விழுங்கிவிட்டு அடுத்த மாங்கிளையில் வந்து உட்காரும். உள்ளே போன விதை சீக்கிரமே கோந்து இழையோடு வெளியே வரும், இழை விடாது. குருவி உடம்பைத் திருப்பித் திருப்பி வாலடியைக் கிளையில் தேய்க்கும். விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைத்துவிடும். கிணற்றை ஒட்டிய மாமரங்களில் புல்லுருவி அதிகமாக இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தேன்பழ மரத்தை வெட்டிவிடு என்று மகன் சொல்கிறான். எனக்கு மனம் வரவில்லை. புல்லுருவி பழுப்பதற்கு முன்பே, ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து அறுத்துவிடுகிறேன். வேலை இருக்கத்தான் செய்கிறது.

மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதானால் பூ விரிவதற்கு முன்பே அடித்துவிடு. விரிந்த பிறகு அடித்தால் தத்துப்பூச்சியோடு நம் ஈயும் போய்விடும். இதை உன் குத்தகைக்காரரிடம் எழுத்திலேயே வாங்கிக்கொள். வாய்ப்பேச்சு பூக்காலத்தில் நிற்காது.

வைகாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உங்கள் பக்கத்து மாவில் இரண்டு ஒட்டுக்கன்று கொண்டு வா. கிணற்றடியில் இடம் காலியாக இருக்கிறது, ஆனால் அங்கே நடப்போவதில்லை.

அன்புடன்,
ராமலிங்கம்