ஞாயிறு சிரமதானம்

வணக்கம் உறவுகளே.

ஞாயிறு காலை 8 மணிக்குப் பீலிக்கரைப் பாதையைச் சிரமதானமாக, அதாவது கூலி வாங்காமல் எல்லாரும் சேர்ந்து, துப்புரவு செய்கிறோம். மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

நம் சங்கத்தால் என்ன லாபம் என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே மிஞ்சும் காசை யாரும் பிரித்துக்கொள்வதில்லை, அது அடுத்த வேலைக்குப் போகிறது. இப்படி லாபம் பாராமல்தான் 1958இல் ஆரியரத்ன என்ற ஆசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்தங்கிய கிராமத்தில் சிரமதானம் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் இலங்கையின் சர்வோதய இயக்கம். அப்புறம் நம் மலையகத்தில், கண்டியில், 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் (Paul Caspersz) தொடங்கிய சத்தியோதயம் என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியது, தமிழரையும் சிங்களவரையும் ஒன்றாக உட்கார வைத்தது. எனக்கு அதுவே பெரிய காரியம்.

நம் லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்த இரவில் முதலில் அடுப்பு மூட்டியவர்கள் நம் சங்கத்து அக்காமார்தான்.

தேநீரும் ரொட்டியும் சங்கம் தரும். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் பெயரைப் போடுங்கள்.